எண் அணிகளை உரைக் கோப்பில் இழப்பின்றிச் சேமிப்பது எப்படி: நம்பை பயன்படுத்துவோருக்கு ஒரு வழிகாட்டி

பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளக்கும் சிறிய உணரி ஒன்றை மொட்டை மாடியில் வைத்து, அதன் அளவுகளைப் பைத்தான் நிரலால் பதிந்துவைக்கத் தொடங்கிய காலத்தில், அணியை (எண்களின் அட்டவணையை) அப்படியே சரமாக (எழுத்துத் தொடராக) மாற்றிக் கோப்பில் எழுதுவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வழி. ஒரு நாளுக்கு 144 வரிகள், வரிக்கு நேரம், வெப்பநிலை, ஈரப்பதம் என மூன்று எண்கள், ஆக மொத்தம் 432 எண்கள். ஒரு நாள் தரவை எழுதித் திறந்து பார்த்தேன், எல்லாம் இருந்தது. அந்த நம்பிக்கையில் ஒரு வாரம் ஓடவிட்டு 1,008 வரிகளை எழுதிய பின் கோப்பைத் திறந்தபோது, முதல் மூன்று வரிகள், நடுவில் மூன்று புள்ளிகள், கடைசி மூன்று வரிகள் ஆகியவை மட்டுமே அதில் இருந்தன. நிரலை மூடியாகிவிட்டதால் நினைவகத்தில் இருந்த அணியும் போய்விட்டது.

காரணம் எளிது. அணியில் 1,000 உறுப்புகளுக்கு மேல் இருந்தால், பைத்தானில் எண் அணிகளைக் கையாளும் நூலகமான நம்பை அதைச் சுருக்கித்தான் காட்டும்; தசமப் புள்ளிக்குப் பின் எட்டு இலக்கங்களுக்கு மேலும் காட்டாது. அச்சிடும் கட்டளைக்கும் சரமாக மாற்றும் கட்டளைக்கும் இந்த விதி பொது. 432 உறுப்புகளை வைத்துச் சோதித்தபோது வெளிப்படாத குறை, 3,024 உறுப்புகள் வந்தபோது வெளிப்பட்டது. பட்டியலாக மாற்றி எழுதினால் தப்பலாம் என்று நினைப்பவர்களுக்கு வேறொரு தொல்லை காத்திருக்கிறது: 2024-இல் வெளிவந்த நம்பை 2.0 முதல், ஒரே வரிசையான அணியைப் பைத்தானின் லிஸ்ட் கட்டளையால் பட்டியலாக்கிச் சரமாக்கினால், ஒவ்வொரு எண்ணும் ‘என்பி.ஃப்ளோட்64’ (‘என்பி’ என்பது நிரலில் நம்பைக்கு வழக்கமாக இடும் சுருக்கப் பெயர்) என்ற முன்னொட்டோடும் அடைப்புக்குறிகளோடும் கோப்பில் விழும். அதை மீண்டும் எண்களாகப் படிப்பதற்கே தனியாக ஒரு நிரல் எழுத வேண்டியிருக்கும்.

திரையில் காட்டுவதற்கான வடிவம் வேறு, கோப்பில் வைப்பதற்கான வடிவம் வேறு. இரண்டாவதற்கென்றே நம்பையில் இருக்கும் செயற்கூறு (ஒரு வேலையைச் செய்யும் ஆயத்தக் கட்டளை) சேவ்டெக்ஸ்ட். அதை எழுதும்போது எஸ், ஏ, வி, இ, டி, எக்ஸ், டி என்ற ஏழு எழுத்துகள்தாம் வர வேண்டும். ‘டெக்ஸ்ட்’ என்ற பகுதியில் ‘இ’ கிடையாது, பலர் தடுக்கி விழும் இடம் அது. இந்தக் கட்டுரையில் நிரல் வரிகளை ஒலிப்படி தமிழ் எழுத்தில் தருகிறேன்; கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் இட வேண்டும். ‘தரவு’ போன்ற மாறிகளின் பெயர்களை மட்டும் தமிழிலேயே இடலாம், பைத்தான் 3 அவற்றை மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும்.

முதல் வரி

என்பி.சேவ்டெக்ஸ்ட்("வாரம்.சிஎஸ்வி", தரவு, டிலிமிட்டர்=",")

கோப்பின் பெயர், சேமிக்க வேண்டிய அணி, எண்களுக்கு இடையே வர வேண்டிய பிரிப்பான் ஆகிய மூன்றும் இதில் உள்ளன. பிரிப்பானைக் குறிப்பிடாவிட்டால் ஓர் இடைவெளி வரும். அட்டவணை மென்பொருளில் திறக்கப்போகும் கோப்பென்றால் காற்புள்ளியும், கண்ணால் படிக்கப்போகும் கோப்பென்றால் தத்தல் (டேப்) குறியும் பொருத்தமானவை. காற்புள்ளியைப் பிரிப்பானாக வைத்துவிட்டு, படிக்க வசதியாக இருக்கட்டும் என்று 12,34,567 என்பதுபோல் இலக்கங்களுக்கு நடுவேயும் காற்புள்ளி இட்டு யாரும் எழுதிவிடக் கூடாது. ஓர் எண் மூன்று நெடுவரிசைகளாகச் சிதறிவிடும்.

இந்த ஒரு வரி அணி முழுவதையும் எழுதிவிடும், எதையும் சுருக்காது. ஆனால் கோப்பைத் திறந்து பார்த்தால் 0.1 என்ற எண் 1.000000000000000056இ-01 என்று நிற்கும். (நடுவில் உள்ள ‘இ’, ‘பத்தின் அடுக்கு’ என்பதைக் குறிக்கும் ஆங்கில எழுத்து.) பார்ப்பதற்குப் பிழைபோலத் தோன்றினாலும் இது பிழையன்று. கணினி பின்னங்களை இரண்டின் அடுக்குகளாக வைப்பதால், 0.1 என்ற எண்ணை அதனால் துல்லியமாகப் பிடிக்க முடியாது. மிக அருகிலுள்ள ஓர் எண்ணைத்தான் வைத்திருக்கிறது, அந்த எண்ணின் உண்மையான இலக்கங்களே இங்கே தெரிகின்றன. இயல்பிருப்பாக (நாம் எதுவும் குறிப்பிடாதபோது) தசமப் புள்ளிக்குப் பின் 18 இலக்கங்களை எழுதும்படி சேவ்டெக்ஸ்ட் அமைக்கப்பட்டிருப்பதால் இப்படி வருகிறது.

எத்தனை இலக்கங்கள் எழுதுவது

எஃப்எம்டி என்ற அளபுரு (செயற்கூறுக்கு நாம் கொடுக்கும் அமைப்பு) இதைத் தீர்மானிக்கிறது. சேமிப்பில் நடக்கும் இழப்புகளில் பெரும்பாலானவை இதைச் சிந்திக்காமல் நிரப்புவதால் வருபவை என்பதால், இங்கே சற்று நின்று பேச வேண்டும்.

நம்பை வழக்கமாகப் பயன்படுத்தும் 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணை (பின்னங்களை வைக்கும் எண் வகையை) எழுதி, திரும்பப் படித்து, அதே எண்ணை ஒரு பிட் கூட மாறாமல் பெற வேண்டுமானால் 17 பொருளுள்ள இலக்கங்கள் (முதலில் வரும் சுழியல்லாத இலக்கத்திலிருந்து எண்ணப்படுபவை) போதும். 32 பிட் எண்ணுக்கு 9 இலக்கங்கள் போதும். இயல்பிருப்பு வடிவம் 19 இலக்கங்களை எழுதுகிறது. தேவைக்கு மேல் இரண்டு இருந்தாலும் தீங்கில்லை, இடம்தான் கூடுதலாகப் பிடிக்கும். "%.17ஜி" என்று கொடுத்தால் சரியாக 17 இலக்கங்கள் வரும், 0.1 என்பது 0.10000000000000001 என்று எழுதப்படும். நான் அதிகம் பயன்படுத்துவது இவை இரண்டையும் அல்ல, "%எஸ்" என்ற வடிவத்தை. இப்படிக் கொடுத்தால் நம்பை ஒவ்வொரு எண்ணுக்கும், திரும்பப் படிக்கும்போது அதே எண்ணைத் தரக்கூடிய மிகக் குறைந்த இலக்கங்களைத் தானே தேர்ந்து எழுதும். 0.1 என்பது 0.1 என்றே இருக்கும்; மூன்றில் ஒன்று என்ற எண் தேவையான அத்தனை இலக்கங்களோடும் நிற்கும். கோப்பும் சிறிதாகும், கண்ணுக்கும் இதமாக இருக்கும், இழப்பும் இல்லை.

அப்படியானால் "%.2எஃப்" என்று தசமப் புள்ளிக்குப் பின் இரண்டே இலக்கங்கள் எழுதுவது தவறா என்று கேட்டால், தரவு எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தே விடை சொல்ல முடியும். உணரி தருவதே இரண்டு இலக்கம்தான் என்றால், 28.41 என்று வந்த அளவை 28.41 என்று எழுதுவதில் எதுவும் தொலைவதில்லை. திரும்பப் படித்தாலும் அதே எண் கிடைக்கும். ஆனால் 28.41, 28.37, 28.44 ஆகிய மூன்றின் சராசரியைக் கணக்கிட்டு அந்த வடிவத்தில் சேமித்தால், 28.40666… என்ற எண் 28.41 ஆகிவிடும். அடுத்த நாள் அந்தக் கோப்பிலிருந்து வேறொரு கணக்கைத் தொடங்குபவர், சராசரியே 28.41 என்று நம்பித் தொடங்குவார். ஆகவே, கருவியிலிருந்து நேரே வந்த அளவுகளுக்குக் கருவியின் நுண்மை அளவு இலக்கங்களும், கணக்கிட்டுப் பெற்ற எண்களுக்கு முழு இலக்கங்களும் எழுத வேண்டும். அறிக்கையில் அச்சிடும்போது சுருக்கிக்கொள்ளலாம். மூலக் கோப்பில் சுருக்கினால் திரும்பப் பெற வழியில்லை.

முழு எண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். முழு எண் அணியைக் கொடுத்தாலும் சேவ்டெக்ஸ்ட் இயல்பிருப்பாக அதே 18 இலக்க வடிவத்திலேயே எழுதும். 7 என்பது 7.000000000000000000இ+00 ஆகிவிடும். "%டி" என்று கொடுத்தால் 7 என்று வரும். ஆனால் "%டி" வடிவத்தைப் பின்ன எண்களுக்குக் கொடுத்தால் அது முழுமையாக்காது, புள்ளிக்குப் பின் உள்ளதை வெட்டி எறிந்துவிடும். 0.29-ஐ 100-ஆல் பெருக்கினால் 29 வரும் என்று நாம் எதிர்பார்ப்போம். பைத்தானில் வருவது 28.999999999999996. இதை "%டி" கொண்டு எழுதினால் கோப்பில் 28 என்று இருக்கும், எந்த எச்சரிக்கையும் வராது. பைசாக் கணக்கை ரூபாயிலிருந்து மாற்றி எழுதுபவர்கள் இந்த இடத்தில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். எழுதுவதற்கு முன் என்பி.ரவுண்ட் கொண்டு முழுமையாக்கிவிடுவது நல்லது.

பெரிய அடையாள எண்களிலும் இதேபோன்ற ஆபத்து உண்டு. 9007199254740992-க்கு மேற்பட்ட முழு எண்கள் எல்லாவற்றையும் மிதவைப் புள்ளி எண்ணால் பிடிக்க முடியாது. 9007199254740993 என்ற எண்ணை "%டி" கொண்டு சரியாக எழுதிய பின்பும், படிக்கும்போது வகையைக் குறிப்பிடாமல் விட்டால் படிக்கும் செயற்கூறான லோட்டெக்ஸ்ட் அதை மிதவைப் புள்ளியாகவே எடுத்துக்கொண்டு 9007199254740992 என்று தரும். இத்தகைய எண்களைப் படிக்கையில் டிடைப் என்ற அளபுருவில் 64 பிட் முழு எண் வகையைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

நெடுவரிசைக்கு நெடுவரிசை வடிவம் மாறுமானால், எஃப்எம்டிக்கு ஒரு பட்டியலைக் கொடுக்கலாம். என் உணரித் தரவுக்கு நான் எழுதுவது இது:

என்பி.சேவ்டெக்ஸ்ட்("வாரம்.சிஎஸ்வி", தரவு, எஃப்எம்டி=["%டி", "%.2எஃப்", "%.1எஃப்"], டிலிமிட்டர்=",")

கோப்பில் விழுவது:

0,28.41,79.5
10,28.37,80.1
20,28.44,79.8

தலைப்பு வரிகளும் தமிழ் எழுத்தும்

எண்கள் மட்டும் உள்ள கோப்பு ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கே விளங்காது. மூன்றாவது நெடுவரிசை ஈரப்பதமா, ஒளியளவா? வெப்பநிலை செல்சியசிலா, கெல்வினிலா? நேரம் எந்தக் கணத்திலிருந்து எண்ணப்படுகிறது? இவற்றை எழுதுவதற்காகவே ஹெடர் என்ற அளபுரு இருக்கிறது. அதில் கொடுக்கும் உரை கோப்பின் தொடக்கத்தில் வரும். பல வரிகள் கொடுத்தால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ‘# ’ என்ற குறி தானாகச் சேர்க்கப்படும். அந்தக் குறி உள்ள வரிகளைப் படிக்கும் செயற்கூறு கருத்துரையாக எடுத்துக்கொண்டு தாண்டிவிடும் என்பதால், இரண்டும் பொருந்திப்போகின்றன.

பொருந்தாத இடம் ஒன்று உண்டு. நெடுவரிசைப் பெயர்களை ஹெடரில் கொடுத்து, அந்தக் கோப்பைப் பாண்டாஸில் (அட்டவணைத் தரவைக் கையாளும் இன்னொரு பைத்தான் நூலகத்தில்) திறந்தால் முதல் நெடுவரிசையின் பெயர் ‘நேரம்’ என்று இருக்காது, ‘# நேரம்’ என்று இருக்கும். நேரம் என்று தேடுபவருக்கு அப்படி ஒரு நெடுவரிசை இல்லை என்ற பிழைச் செய்தி வரும். திரையில் பார்த்தால் பெயர் இருப்பதுபோலவே தெரிவதால் காரணம் பிடிபட நேரமாகும். இதைத் தவிர்க்க, கமென்ட்ஸ் என்ற அளபுருவுக்கு வெற்றுச் சரத்தைக் கொடுத்து, தானாகச் சேரும் குறியை நிறுத்திவிட்டு, குறிப்பு வரிகளுக்கு மட்டும் நாமே ‘#’ இட்டு, நெடுவரிசைப் பெயர் வரியைக் குறியின்றி விட வேண்டும். அப்போது கோப்பின் தலை இப்படி இருக்கும்:

# நேரம் நிமிடத்தில், வெப்பநிலை செல்சியசில், ஈரப்பதம் சதவீதத்தில்
நேரம்,வெப்பநிலை,ஈரப்பதம்
0,28.41,79.5

பாண்டாஸில் திறக்கும்போது கருத்துரைக் குறி ‘#’ என்று சொன்னால் போதும். நம்பையில் படிக்கும்போது ஸ்கிப்ரோஸ்=2 என்று கொடுக்க வேண்டும்; தாண்டும் வரிகளின் கணக்கில் குறிப்பு வரிகளும் சேரும் என்பதை மறக்கக் கூடாது.

தலைப்பில் தமிழ் எழுத வேண்டுமானால் என்கோடிங் அளபுருவில் யுடிஎஃப்-8 (தமிழ் எழுத்துகளையும் ஏற்கும் குறியாக்கம்) என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். இயல்பிருப்புக் குறியாக்கம் என்று ஆவணம் சொல்லும் லத்தீன்-1 என்பதில் தமிழ் எழுத்துகளுக்கு இடமே இல்லை. எழுதும்போது குறிப்பிட்டதையே படிக்கும்போதும் குறிப்பிட வேண்டும். கோப்பு எக்ஸலில் திறக்கப்படும் என்று தெரிந்தால் யுடிஎஃப்-8-சிக் என்ற வகையைக் கொடுங்கள். அது கோப்பின் தொடக்கத்தில் ஓர் அடையாளக் குறியை வைப்பதால், எக்ஸல் தமிழைக் குப்பை எழுத்துகளாக்காமல் காட்டும். ஆங்கிலத்திலேயே தலைப்பை எழுதிவிட்டுப் போகலாமே என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அளவுகளை எடுப்பவரும் படிப்பவரும் தமிழில் வேலை செய்பவர்கள் என்றால், அவர்கள் பேசும் சொல்லில் தலைப்பு இருப்பதே குழப்பத்தைக் குறைக்கும்.

அணியின் உருவம்

சேவ்டெக்ஸ்ட் ஒரு பரிமாண அணியையும் இரு பரிமாண அணியையும் மட்டுமே ஏற்கும். ஒரு பரிமாண அணியைக் கொடுத்தால் வரிக்கு ஓர் எண்ணாக, நெடுக்காக எழுதும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டிய இடத்தில் இது காலை வாரிவிடும்: நேரம், வெப்பநிலை, ஈரப்பதம் என்ற மூன்று எண்களை அப்படியே கொடுத்தால் அவை ஒரே வரியில் விழாமல் மூன்று வரிகளாக விழும். அணியை ஒரு சதுர அடைப்புக்குள் இட்டு, ஒரு வரி கொண்ட இரு பரிமாண அணியாக்கிக் கொடுக்க வேண்டும். கோப்புப் பெயரைக் கொடுத்தால் பழைய உள்ளடக்கம் அழிந்து புதிது எழுதப்படும் என்பதால், சேர்த்து எழுதுவதற்குப் பைத்தானின் ஓப்பன் கட்டளையால் ‘ஏ’ (சேர்த்து எழுதும்) முறையில் கோப்பைத் திறந்து, பெயருக்குப் பதிலாக அந்தத் திறந்த கோப்பின் கைப்பிடியைக் கொடுக்க வேண்டும்:

வித் ஓப்பன்("பதிவு.சிஎஸ்வி", "ஏ", என்கோடிங்="யுடிஎஃப்-8") ஆஸ் கோப்பு:
    என்பி.சேவ்டெக்ஸ்ட்(கோப்பு, [அளவு], எஃப்எம்டி="%எஸ்", டிலிமிட்டர்=",")

கைப்பிடி கொடுக்கும்போது சேவ்டெக்ஸ்டின் சொந்த என்கோடிங் அளபுரு பயன்படாது. அதனால்தான் திறக்கும் வரியிலேயே குறிப்பிட்டிருக்கிறேன்.

முப்பரிமாண அணியைக் கொடுத்தால் பிழை வரும். ஏழு நாள், நாளுக்கு 144 வரி, வரிக்கு மூன்று எண் என்ற உருவில் அணி இருந்தால், ரீஷேப்(-1, 3) என்று 1,008 வரிகள் கொண்ட இரு பரிமாண அணியாக மடித்து எழுதி, ‘உருவம்: 7, 144, 3’ என்று குறிப்பு வரியில் சேர்த்துவிடுங்கள். படித்த பின் ரீஷேப்(7, 144, 3) என்றால் பழைய உருவம் திரும்பும். குறிப்பு வரியில் உருவத்தை எழுதாமல் விட்டால், 1,008 என்பது 7 முறை 144-ஆ, 14 முறை 72-ஆ என்று கோப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. டுஃபைல் என்ற இன்னொரு செயற்கூறும் பிரிப்பான் கொடுத்தால் உரையாக எழுதும், ஆனால் எல்லா எண்களையும் ஒரே நீள வரியாக எழுதிவிடும். வரி, நெடுவரிசை எதுவும் மிஞ்சாது. அதை நான் பரிந்துரைப்பதில்லை.

உணரி நின்றுபோன நேரத்துக்கு அளவு இருக்காது. அந்த இடத்தில் 0 வைப்பது பெருந்தவறு. பிறகு சராசரி எடுப்பவர் அதையும் வெப்பநிலையாகவே சேர்ப்பார். ‘எண் அன்று’ என்பதைக் குறிக்கும் என்பி.நான் என்ற மதிப்பை வையுங்கள். கோப்பில் அது ‘நான்’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளாக விழும், படிக்கும்போது தானே பழைய நிலைக்குத் திரும்பும். வேறொருவர் தந்த கோப்பில் விடுபட்ட இடம் வெறுமையாகவே விடப்பட்டிருந்தால், லோட்டெக்ஸ்ட் அதை ஏற்காது. ஜென்ஃப்ரம்டெக்ஸ்ட் என்ற செயற்கூறு வெறுமையான இடங்களை ‘நான்’ மதிப்பால் நிரப்பித் தரும்.

பெரிய அணிகள்

இயல்பிருப்பு வடிவத்தில் நேர்ம எண் ஒன்றுக்கு 24 எழுத்துகளும் ஒரு பிரிப்பானும் சேர்ந்து 25 பைட் ஆகும். நினைவகத்தில் அதே எண் 8 பைட். பத்து லட்சம் எண்கள் கொண்ட அணி, கோப்பில் ஏறத்தாழ 25 மெகாபைட் பிடிக்கும். கோப்பின் பெயரை ‘.ஜிஇசட்’ என்று முடித்தால் சேவ்டெக்ஸ்ட் தானே சுருக்கி எழுதும், லோட்டெக்ஸ்ட் தானே விரித்துப் படிக்கும். வேகத்தைப் பொறுத்தவரை, 2022-இல் வந்த நம்பை 1.23 பதிப்பில் லோட்டெக்ஸ்ட் சி மொழியில் திருப்பி எழுதப்பட்டுப் பெரிதும் விரைவானது. சேவ்டெக்ஸ்ட் இன்றும் வரி வரியாகப் பைத்தானிலேயே எழுதுகிறது. ஆகவே லட்சக்கணக்கான வரிகள் வரை உரைக் கோப்பு தாங்கும். கோடிக்கணக்கில் போனால் என்பி.சேவ் என்ற இரும வடிவமே சரி. அது உருவத்தையும் வகையையும் தானே நினைவில் வைத்துக்கொள்ளும், ஆனால் எந்த உரைத் திருத்தியிலும் திறந்து படிக்க முடியாது.

திரும்பப் படித்துச் சரிபார்த்தல்

எழுதியவுடன், மூல அணி நினைவகத்தில் இருக்கும்போதே, கோப்பைத் திரும்பப் படித்து ஒப்பிட வேண்டும். அந்த வாரத் தரவை நான் இழந்தது இந்த இரண்டு வரிகளை எழுதாததால்தான்:

படித்தது = என்பி.லோட்டெக்ஸ்ட்("வாரம்.சிஎஸ்வி", டிலிமிட்டர்=",", என்டிமின்=2, என்கோடிங்="யுடிஎஃப்-8")
என்பி.அரேஈக்குவல்(தரவு, படித்தது, ஈக்குவல்நான்=ட்ரூ)

இதில் ‘அரே’, ‘ஈக்குவல்’ ஆகியவற்றுக்கு நடுவிலும், ‘ஈக்குவல்’, ‘நான்’ ஆகியவற்றுக்கு நடுவிலும் அடிக்கோடு இட வேண்டும். என்டிமின்=2 என்று கொடுப்பதற்குக் காரணம், கோப்பில் ஒரே ஒரு வரி மட்டும் இருந்தால் லோட்டெக்ஸ்ட் அதை ஒரு பரிமாண அணியாகத் தந்துவிடும், ஒப்பீடு பொய்த்துவிடும். ‘நான்’ என்ற மதிப்பு தனக்குத்தானே சமமாகாத ஒன்று என்பதால் கடைசி அளபுரு தேவைப்படுகிறது. விடை ‘ட்ரூ’ என்று வந்தால், மிதவைப் புள்ளி அணியில் எந்த எண்ணும் மாறவில்லை என்று பொருள். ‘ஃபால்ஸ்’ என்று வந்தால், பெரும்பாலும் எஃப்எம்டியில் இலக்கங்கள் குறைந்திருக்கும்; அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.

ஏற்கெனவே இருக்கும் கோப்பின் மேல் புதிதாக எழுதும்போது இன்னொரு முன்னெச்சரிக்கை வேண்டும். சேவ்டெக்ஸ்ட் முதலில் பழைய கோப்பை வெறுமையாக்கிவிட்டுத்தான் எழுதத் தொடங்கும். நடுவில் மின்சாரம் போனாலோ வட்டில் இடம் தீர்ந்தாலோ பழையதும் இருக்காது, புதியதும் முழுதாக இருக்காது. அதனால் ‘வாரம்-புதிது.சிஎஸ்வி’ என்ற பெயரில் எழுதி, மேற்சொன்ன ஒப்பீட்டை அந்தக் கோப்பின் மேல் நடத்தி, ‘ட்ரூ’ என்று வந்த பிறகே ஓஎஸ்.ரீப்ளேஸ் கட்டளையால் அதைப் பழைய பெயருக்கு மாற்றுங்கள். இரண்டு பெயர்களும் ஒரே அடைவில் (ஃபோல்டரில்) இருந்தால் மாற்றம் ஒரே அடியில் நடந்துவிடும். பென் டிரைவுக்கும் கணினி வட்டுக்கும் இடையே இந்தக் கட்டளை வேலை செய்யாது என்பதால், தற்காலிகக் கோப்பையும் இறுதிக் கோப்பு இருக்கும் அடைவிலேயே உருவாக்குங்கள்.